படத்தில் வராத தூசி

லென்ஸுக்குள் தூசி இருந்தால் படத்தில் வராது. இந்த ஊரில் இதை என்னைவிட அதிகம் சொன்னவன் யாரும் இருக்க மாட்டான். கல்யாண மண்டபத்தில் சொல்லியிருக்கிறேன், டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், ஒரு துக்க வீட்டில்கூட, வீடியோ எடுக்க வந்தவன் என் காதைக் கடித்ததால் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். என் வலது கண் போனதற்கும் அந்தப் பேச்சுதான் காரணம்.

எனக்குத் தொழில் பட்டுப்புடவைகளைப் படம் எடுப்பது. முகூர்த்த நாட்களில் கல்யாணமும் எடுப்பேன், ஆனால் சோறு போட்டது புடவைதான். பெரிய காஞ்சிபுரத்தில் கடை வைத்திருப்பவர்கள் இப்போதெல்லாம் புடவையை விரித்துக் காட்டுவதைவிடப் படமாக அனுப்புவதுதான் அதிகம். எங்கோ பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிற கல்யாணப் பெண் கைப்பேசியில் பார்த்து, நிறம் பிடித்தால் எடுத்துக்கொள்வாள். நான் கடையின் மாடியறையில் விளக்குகளை நிறுத்துவேன். என் மனைவி கூடவே வருவாள். நெசவாளி வீட்டுப் பெண், பட்டு அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். பொம்மைக்குக் கொசுவம் வைத்துக் கட்டி முந்தானையை விசிறிவிடுவாள். நான் எடுப்பேன், அவள் மடிப்பாள், அடுத்த புடவை வரும்.

புடவையை உதறும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பிசிறு பறக்கும். ஜூம் லென்ஸ் நீண்டு சுருங்கும்போது சைக்கிள் பம்ப் மாதிரி காற்றை இழுக்கும். காற்றோடு பிசிறும் உள்ளே போகும். வெளியே வந்தால் ரோட்டுப் புழுதி, கல்யாண வீட்டில் ஓமப்புகை, திருவிழாவில் கற்பூரப்புகை. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு லென்ஸ் சுத்தமாக இருக்கிறது என்றால் அதன் சொந்தக்காரனுக்கு வேலை வரவில்லை என்று அர்த்தம்.

இது புரியாதவர்கள்தான் என்னைத் தேடி வருவார்கள். பழைய லென்ஸ் ஒன்றை வாங்கியிருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் கைப்பேசி டார்ச்சை உள்ளே அடித்துப் பார்ப்பார்கள். டார்ச் அடித்தால் எந்த லென்ஸும் அழுக்குப் பிடித்த மீன்தொட்டி மாதிரிதான் தெரியும். ஏமாந்துவிட்டோம் என்று முகம் வெளுத்து வந்து நிற்பார்கள். நான் பேசவே மாட்டேன். என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வாங்கி, லென்ஸின் முன் கண்ணாடியில் ஒட்டி, தெருமுனைக்குக் கூட்டிப் போய் கோபுரத்தைப் படம் எடுத்துக் காட்டுவேன். கோபுரம் இருக்கும், கலசம் இருக்கும், உட்கார்ந்திருக்கிற புறாகூட இருக்கும். பொட்டு இருக்காது. அவ்வளவு கிட்டத்தில் இருக்கிற எதுவும் ஃபோகஸில் விழாது, வெளிச்சம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும், வெயிலை நேருக்கு நேர் எடுத்தால்தான் கொஞ்சம் காட்டிக் கொடுக்கும் என்று பிறகு பாடம் எடுப்பேன். வந்தவர்கள் என்னைச் சித்தர் மாதிரி பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள், புடவை ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தபோது, கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரின் நடுவில் ஒரு கறை தெரிந்தது. சாம்பல் நிறம். எண்ணெய் விரல் பட்ட மாதிரி. எடுத்த படத்தைக் கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. கேமராவுக்குள், நாம் கண் வைத்துப் பார்க்கிற பாதையில், ஒரு மங்கல் கண்ணாடி உண்டு. அதில் தூசி விழுந்தால் பார்க்கிறவனுக்குத் தெரியும், படத்துக்குத் தெரியாது. லென்ஸ் தூசியைவிட இன்னும் ஒரு படி பயனற்ற தூசி.

"நடுவுல தூசி விழுந்து கெடக்குது" என்றேன் மனைவியிடம்.

"தொடைச்சிடுங்களேன்."

"தொடைக்கப் போனா கீறல் விழும். படத்துல வராததுக்கு எதுக்கு மெனக்கெடணும்?"

அவள் அடுத்த புடவைக்குக் கொசுவம் எடுக்க ஆரம்பித்தாள். பல வருடமாக இதே பாட்டைக் கேட்டவள், என்ன சொல்வாள்.

கறை போகவில்லை. கொஞ்ச நாளில் நடுவில் இருக்கிற கோடுகள் நெளிய ஆரம்பித்தன. சின்ன வயதிலிருந்தே நான் சோடாபுட்டி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் இருக்கிற சக்கரத்தைத் திருகிப் பார்வைக்குச் சரிசெய்துகொண்டுதான் படம் எடுப்பேன். அந்தச் சக்கரம் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது. சனியன் பிடித்த விளக்கங்கள்.

ஒரு நாள் கடையில் என் மனைவி மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை போட்ட புடவையைக் கட்டி நிறுத்தியிருந்தாள். வியூஃபைண்டரில் பார்த்தால் கரை ஓர் இடத்தில் பாம்பு மாதிரி வளைந்தது.

"இன்னாங்க முதலாளி, கரை நெளிஞ்சிருக்குதே, தறியில ஒழுங்கா நெய்யலியா?" என்றேன்.

கடை முதலாளி பதறிவிட்டார். புடவையை அவிழ்த்து மேசைமேல் விரித்து மர ஸ்கேலை வைத்தார். கரை ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு நேராகப் போனது. நானும் குனிந்து பார்த்தேன். ஆமாம், நேராகத்தான் இருந்தது.

"நல்லா தானேபா இருக்குது? உன் கண்ணுல இன்னா கோளாறு?" என்றார்.

"கண்ணுல இல்ல முதலாளி, கேமராவுல. உள்ள தூசி."

எல்லோரும் சிரித்தோம். என் மனைவிகூடச் சிரித்தாள். பட்டப்பகலில், மூன்று பேர் காதில் விழ, அந்த மனிதர் என் நோயைச் சொல்லிவிட்டார். நான் அவருக்குத் தூசியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

எரிச்சல் தாங்காமல் கடைசியில் கேமராவை ஐயம்பேட்டைக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒருவர் வீட்டிலேயே கேமரா ரிப்பேர் பார்க்கிறார். என்னைவிடச் சின்னவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவார். திறந்து, ஊதி, துடைத்துக் கொடுத்தார். கண்ணை வைத்தேன். கறை அங்கேயே இருந்தது. இன்னொரு முறை போனபோது மங்கல் கண்ணாடியையே மாற்றிப் போட்டார். அப்போதும் இருந்தது.

"இன்னும் இருக்குதேபா."

அவர் வாங்கிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "இல்லியேண்ணா" என்றார்.

"நல்லா பாரு. நடுவுல."

"அண்ணா, என் கண்ணுக்கும் தெரியல, படத்துலயும் தெரியல. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா நான் இன்னாதான் பண்றது?"

வேலையில் அக்கறை இல்லாதவன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுக் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஒரு கல்யாணத்துக்கு நண்பனின் கேமராவை இரவல் வாங்கினேன். அதிலும் அதே இடத்தில் கறை. நியாயமாக அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதிலும் விழுந்துவிட்டதா, எல்லாம் ஒரே ஊர்க் காற்றைத்தானே குடிக்கிறது என்று தோன்றியது. ஒரு கேமராவை முப்பது பேரிடம் காட்டலாம், முப்பது பேரும் சரியாக இருக்கிறது என்று சொல்லலாம். தனக்குத் தொழில் தெரியும் என்று நினைக்கிறவனை அசைக்க முடியாது.

ஏனாத்தூரில் ஒரு கல்லூரி விழா. ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். என் எதிரே ஒரு மாணவி, மடியில் பையோடு. மணல் லாரி ஒன்று எங்களை முந்திப் போனது. புழுதி வாரி அடித்தது. என் இடது கண்ணில் ஒரு துகள் விழுந்து உறுத்தியது. கைக்குட்டையால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன்.

எதிரே இருந்த பெண்ணுக்கு முகம் இல்லை. பின்னல் இருந்தது, தோடு இருந்தது, துப்பட்டா இருந்தது. நடுவில் சாம்பல் நிறம். நான் எந்தப் பக்கம் பார்த்தாலும் சாம்பல் அந்தப் பக்கம் வந்தது. டிரைவரின் முதுகைப் பார்த்தேன், முதுகு போனது. வெளியே கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தேன், நடுவில் இருந்த எழுத்துகள் போயின. கையில் கேமரா இல்லை. அது பைக்குள் இருந்தது.

பெரிய கணக்கொன்றும் போட வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடமும் நான் வலது கண்ணால் மட்டும்தான் வியூஃபைண்டரைப் பார்த்திருக்கிறேன், இடது கண்ணை மூடிக்கொண்டு. மற்ற நேரமெல்லாம் இரண்டு கண்ணும் திறந்திருக்கும், வலது கண் விட்டதை இடது கண் பார்த்துக்கொள்ளும். அதனால் கேமராவுக்குள் மட்டும் கறை இருந்தது. அந்தப் பெண், "இன்னாச்சு அங்கிள், கண்ணுல தூசியா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டதில் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

கண் மருத்துவமனையில் டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, உள்ளே நெடுநேரம் பார்த்தார். எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போவே ஏன் வரல?"

அந்த அறையிலும் நான் பாடம் எடுத்தேன். கேமராவுக்குள் ஒரு மங்கல் கண்ணாடி இருக்கிறது டாக்டர், அதில் விழுகிற தூசி படத்தில் வராது, லென்ஸ் தூசியும் அப்படித்தான் என்று ஆரம்பித்து, முழுவதும் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. வெளியே அத்தனை நோயாளிகள் காத்திருக்கும்போது அவர் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதிலிருந்தே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அதிகப் பவர் உள்ள கண்களில் இப்படி வருவதுண்டாம். கண்ணுக்குள் இருக்கிற பின்பக்கத் திரை மெலிந்து, அதற்கு அடியில் ரத்தக்குழாய் முளைத்துக் கசியும். அப்போதுதான் கோடுகள் நெளியும். கசியும்போதே வந்தால் ஊசி போட்டுக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். எனக்குக் கசிந்து, காய்ந்து, தழும்பாகிவிட்டது.

"தழும்பு எடுக்க முடியாதுங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"முடியாதும்மா. ஓரத்துல இருக்கிற பார்வை இருக்கும். நடுப்பார்வை திரும்பி வராது."

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். என் மனைவி அழவில்லை, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு ஆத்திரம் முழுக்க அந்த ஒரே விஷயத்தின் மேல்தான். நான் சொன்னது எதுவும் தப்பில்லை. மங்கல் கண்ணாடியில் விழுந்த தூசி படத்தில் வராதுதான். லென்ஸ் தூசியால் ஒன்றும் ஆகாதுதான். தப்பாகச் சொல்லிக் கெட்டுப்போயிருந்தாலாவது திருத்திக்கொள்ள ஏதோ இருக்கும். எல்லாம் சரியாகத் தெரிந்து கெட்டுப்போனவன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இடது கண்ணால் படம் எடுக்கப் பழகினேன். கேமராவை வலது கண்ணுக்காகச் செய்திருக்கிறார்கள். இடது கண்ணை வைத்தால் மூக்கு போய்ப் பின்பக்கத் திரையில் அழுந்தும், மூச்சுப் பட்டு அது மங்கும். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில், முன்னால் நின்ற யாரோ ஒரு பெரியவரின் காதுமேல் ஃபோகஸ் போய் உட்கார்ந்துகொண்டது. அதைச் சொல்லிச் சொல்லித் திட்டினார்கள். திட்டத்தான் செய்வார்கள், அந்த நேரம் இன்னொரு முறை வரவா போகிறது. கல்யாணத்தை விட்டேன். புடவை மட்டும் எடுத்தேன். புடவை எங்கேயும் ஓடாது.

கடை முதலாளி புதுக் கேமரா ஒன்றை வாங்கிவைத்தார். மனிதர்களை எடுத்தால் அதுவாகவே அவர்களின் கண்ணைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு பச்சைக் கட்டம் போடுமாம். அதைக் காட்டி ஆசையாக விளக்கினார். பொம்மையை நோக்கித் திருப்பினேன். இமைக்கவே தெரியாத அந்தப் பிளாஸ்டிக் கண்ணையும் தேடிப் பிடித்துக் கட்டம் போட்டது. வெறுப்பாக இருந்தது.

லென்ஸோடு இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். போன மாதம்கூட ஒருவன் வந்தான், புதிதாகத் தொழிலுக்கு வந்தவன். டார்ச் அடித்துக் காட்டினான்.

"உள்ள தூசி இருக்குதுண்ணா, பரவால்லியா?"

"பரவால்ல. படத்துல வராது" என்றேன். பிறகு, "ஒரு கண்ண மூடிக்கினு அந்தக் காலண்டரப் பாரு. அப்புறம் அடுத்த கண்ண மூடிக்கினு பாரு" என்றேன்.

பைத்தியமோ என்று நினைத்திருப்பான். சிரித்துக்கொண்டே மூடிப் பார்த்தான். "ரெண்டுலயும் நல்லா தெரியுதுண்ணா" என்றான். நல்லதுபா என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

இனி இடது கண்தான். அதிலும் இதே வியாதி ஆரம்பிக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆரம்பிக்காமலும் போகலாம். ஆரம்பித்தால் ஊசி போடலாம், ஆனால் என் கண்ணின் திரை இருக்கிற மெலிவுக்கு அது எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்வதற்கில்லை. தினமும் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு காகிதம் கொடுத்தார். காகிதம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு நடுவில் பார்க்க வேண்டும். கட்டம் எங்கேயாவது நெளிந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும்.

என் மனைவிக்கு அந்தக் காகிதம் பிடிக்கவில்லை. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து ஜெராக்ஸ் எடுத்து, அதன் ஒரு மூலை சாய்ந்துபோயிருந்தது.

"இதுவே கோணலா இருக்குது. இத வெச்சுக்கினு இன்னாத்த பாக்கறது?" என்றாள்.

பீரோவிலிருந்து தன்னுடைய பட்டுப்புடவை ஒன்றை எடுத்தாள். சுண்டுவிரல் நகம் அளவுக் கட்டம், புடவை முழுக்க. பீரோக் கதவில் அதைத் தொங்கவிட்டு, கீழே இழுத்துச் சுருக்கம் நீக்கினாள். "இத நெய்ஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும். ஒரு இழை தப்பி இருக்காது. இதுல பாருங்க" என்றாள். அன்றிலிருந்து காலையில் காப்பிக்கு முன்னால் அதுதான் வழக்கம். அவள் புடவையைத் தொங்கவிடுவாள். நான் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வலது கண்ணைக் கையால் மூடி, கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பேன். "நேரா இருக்குதா?" என்பாள். "நேரா இருக்குது" என்பேன். மடித்து வைத்துவிட்டுப் பால் காய்ச்சப் போவாள். அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் பொழுது விடிந்தது. அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் வேறெதுவும் பேச மாட்டோம்.

இந்தத் திங்கட்கிழமையும் தொங்கவிட்டாள். உட்கார்ந்தேன், மூடினேன், பார்த்தேன்.

"நேரா இருக்குதா?"

வலது கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அவள் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டாள்.

"ஒரு கட்டம் கோணலா தெரியுது" என்றேன்.

அவள் சட்டென்று புடவைக்குப் பக்கத்தில் வந்தாள். குனிந்து முகத்தைக் கிட்டத்தில் வைத்து இழைகளைத் தேடினாள். "இருக்கும், இருக்கும். தறியில எங்கியாவது ஒரு இழை அறுந்திருக்கும், சரியா முடிஞ்சிருக்க மாட்டாங்க. யாரு கண்டா. எந்தக் கட்டம், சொல்லுங்க" என்றாள். அவள் குரல் அவ்வளவு வேகமாக வந்து நான் கேட்டதில்லை.

ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "இதுவா?"

விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். "ஆமாம்" என்றேன்.

விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "இது?"

"அதுவும்."

கையை நீட்டிப் புடவையின் மேல் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். "இது? இது நல்லா தானே இருக்குது?"

"நான் எதப் பாக்கறனோ அது" என்றேன்.

அவள் விரலை எடுக்கவில்லை. அங்கேயே வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.